பூனை எங்கே படுக்கும்?

சென்ற வாரம் புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு, நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் என்னை அழைத்தார். ஒவ்வாமை எதனால் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இப்போது அங்கே வந்துவிட்டது.

"அக்கா, ஒருத்தருக்கு ரிசல்ட்ல பூனைன்னு வந்திருக்கு. வீட்டுல பூனையே இல்லைன்னு அடிச்சுச் சொல்றாங்க. லேப்ல மாத்திட்டாங்களோன்னு பாக்குறோம்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"பூனை வளக்குறீங்களான்னு கேட்டேன்."

"அப்படிக் கேட்டா இல்லைன்னுதான் வரும். பூனை எங்க படுக்கும்னு கேளுங்க."

அரை மணி நேரத்தில் மறுபடி அழைத்தார். பூனை மாடிப்படிக்குக் கீழே, குளிர்கால உடைகள் வைத்த பெட்டியின் மேல் படுக்கிறதாம். இந்தக் கேள்வியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கொடைக்கானலில் இருபத்தெட்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். திண்டுக்கல்லில் மூன்று ஆண்டுப் படிப்பு, பிறகு பொது வார்டில் பன்னிரண்டு ஆண்டுகள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மீதிப் பதினாறு ஆண்டுகள் மூச்சிரைப்புப் பிரிவில் இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் பணி. மேடும் பள்ளமும் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததால் ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு எடுத்துக்கொண்டேன். அந்தப் பதினாறு ஆண்டுகளின் நாட்குறிப்புகள் முப்பத்தொன்று என் அலமாரியில் இருக்கின்றன. கீழே வரும் நேரங்களும் எண்களும் அவற்றிலிருந்து எடுத்தவை.

எங்கள் பிரிவின் தலைவரைப் பெரிய டாக்டர் என்போம். குரலை உயர்த்தமாட்டார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்து எட்டு பத்து நொடி சூடாக்கிய பிறகுதான் நோயாளியின் முதுகில் வைப்பார். நான் எழுதிய அறிக்கையில் தெளிவில்லாத சொல் இருந்தால் தாளைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளுவார். "'சில நாளா இருமல்'னு எழுதியிருக்கீங்க சிஸ்டர். சில நாள்னா ரெண்டா, இருபதா?" அவ்வளவுதான். தாளை நிமிர்த்தி எழுதிக் கொடுக்கும் வரை அடுத்த நோயாளியை அழைக்கமாட்டார். வெளியே வரிசையில் நிற்பவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்று: ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றக்கூடாது. மருந்தையும் மாற்றி, படுக்கையையும் மாற்றினால் குணமானது எதனால் என்று தெரியாமலே போய்விடும். நோயாளி திரும்ப வரும்போது நம் கையில் ஒன்றும் இருக்காது.

வீட்டுக்குப் போனால் நான் முதலில் நோயாளியைப் பார்ப்பதில்லை. வாசலில் ஒரு நிமிடம் நிற்பேன். புகை வாசனை வருகிறதா, சன்னல் எத்தனை, அவற்றில் திறக்கக் கூடியவை எத்தனை, கொக்கி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அடுப்பும் படுக்கையும். கடைசியில் பையிலிருந்து அகலமான செல்லோ டேப்பை எடுத்து, தலையணையிலும் போர்வையிலும் ஒட்டி உரித்து, நாட்குறிப்பிலேயே ஒட்டி, இடத்தின் பெயரைப் பக்கத்தில் எழுதுவேன். டேப்பில் முடி இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

பூனை முடியே நோய் இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு பொருள்தான் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பூனை தன்னை நக்கும்போது அது முடியில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்கிறது. தூசியைவிட லேசானது. மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், துணியில் ஒட்டும், கம்பளியில் விடாமல் ஒட்டும். டேப்பில் வரும் முடி, பூனை அங்கே வந்து போனதற்கான சாட்சி மட்டுமே.

இது எனக்குப் புரிந்தது ஒரு பள்ளி ஆசிரியையிடம். தனியாக வாழ்ந்தவர். சாம்பல் நிறப் பூனை ஒன்றை வைத்திருந்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். அழுதுகொண்டே அடுக்கம் கிராமத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து வந்தார். இரைப்பு குறையவில்லை.

"உங்க பேச்சைக் கேட்டு எனக்கு இருந்த ஒரு துணையையும் அனுப்பிட்டேன் சிஸ்டர். மிஸ்டேக் பூனை மேல இல்ல, உங்க மேல" என்றார். மறுநாளே அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பூனையைப் பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

பெரிய டாக்டர் கேட்டார்: "பூனை போச்சு. பூனை உதிர்த்தது போச்சா?" போகவில்லை. கார்ப்பெட், பஞ்சு நாற்காலி, சன்னல் திரை எல்லாவற்றிலும் இருந்தது. மாதக்கணக்கில் இருக்கும். பிறகு கார்ப்பெட்டை எடுத்தோம், படுக்கையறைக் கதவைப் பூனைக்கு மூடினோம், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வைத்தோம், தடுப்பு மருந்தை ஒரு வேளை விடாமல் உறிஞ்ச வைத்தோம். பூனை வீட்டிலேயே இருந்தது. அவரும் வேலைக்குப் போய் வந்தார். பூனையை விரட்டுவது முதல் வேலை அல்ல என்று அன்றைக்கு எழுதி வைத்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது கவிதாவைப் பற்றி.

கவிதாவுக்கு இருபத்து மூன்று வயது. பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் பிறந்தவள். தை மாதம் திருமணமாகி, வட்டக்கானலுக்குக் கீழே ஒரு சரிவில் இருந்த வீட்டுக்கு வந்தாள். கணவன் செந்தில் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்பவன். மாமியார் பழனியம்மாள் வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில் பூண்டு போடுவார். மாசியில் கவிதாவுக்கு இருமல் தொடங்கியது. புரட்டாசியில் எங்களிடம் வந்தபோது ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னாள்.

மலையில் எல்லா மூச்சிரைப்புக்கும் மக்கள் வைத்திருக்கும் காரணம் பனி. கவிதாவின் கதை அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. தாய்வீட்டுக்குப் போனால் நாலைந்து நாளில் சரியாகிறாள். மேலே வந்தால் மூன்றாம் நாள் இரைப்பு. தடுப்பு மருந்து கொடுத்து இரண்டு மாதம் பார்த்தோம். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அதற்குள் இரண்டு முறை இரவு ஜீப்பில் தூக்கிவந்து ஆக்ஸிஜன் வைக்க வேண்டியதாயிற்று. பதிவுத்தாளில் 'செல்லப் பிராணி வளர்க்கிறீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று நானே என் கையால் எழுதியிருந்தேன்.

கார்த்திகை முதல் வாரம் கவிதாவின் அண்ணன் பாலசமுத்திரத்திலிருந்து வந்தார். மருத்துவமனை வராந்தாவிலேயே பேச்சு தொடங்கிவிட்டது.

"மாப்ள, நான் சண்டைக்கு வரல. எந்தங்கச்சி உசுரோட இருக்கணும். டாக்டர் வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருவோம். மலையில இருக்கலாமா, கூடாதா?"

"கூடாதுன்னா?" என்றான் செந்தில்.

"கீழ எங்களோட இருக்கட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

"மாசத்துக்கு ஒருக்காவா? எங்கம்மாவையும் பூண்டையும் விட்டுட்டு நான் எங்கிட்டு வர்றது? கீழ வந்து என்ன சோலி பாக்குறது?"

"அது உங்க பாடு. எங்கம்மா சொல்றது வேற. மாமியாளக் கண்டாலே எம்பிள்ளைக்கு மூச்சு முட்டுதுங்குது."

பழனியம்மாள் எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கவிதா உள்ளே என்னிடம் சொன்னாள்: "எனக்குக் கீழ போகப் பிடிக்கல சிஸ்டர். போனா அண்ணன் வீட்டு அடுப்படிதான். இங்க லாட்ஜுல சமையலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவரும் நல்லவரு. அத்தையும் நல்லவங்க. இந்த நெஞ்சுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

பெரிய டாக்டரும் மலைவிட்டு இறங்குவது நல்லது என்ற முடிவுக்கு வந்திருந்தார். கடிதம் எழுதப் பேனாவை எடுத்தபோது, ஒரு வீட்டு விசிட் முடியட்டும் என்றேன். இரண்டு மாதமாக மழையால் அந்தச் சரிவுக்கு நான் போகவில்லை. அது என் குறை என்றும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "பதினாலு நாள் சிஸ்டர். பதினஞ்சாம் நாள் அவங்க அண்ணன் வருவார். அன்னைக்கு என்கிட்ட நம்பர் இருக்கணும்."

நம்பர் என்று அவர் சொன்னது ஊதிப் பார்க்கும் மீட்டரில் வருவதை. கையடக்கக் குழாய். மூச்சை முழுக்க இழுத்து ஒரே வீச்சில் ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். மூன்று முறை ஊதி, அதில் பெரியதைக் குறிக்க வேண்டும். கவிதாவின் உயரத்துக்கும் வயதுக்கும் நானூறை ஒட்டி வர வேண்டும். அன்று வந்தது 210.

மறுநாள் காலை ஒன்பது ஐந்துக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். அறை இரண்டு, சன்னல் மூன்று, மூன்றும் மூடியிருந்தன. இரண்டின் இடுக்கில் பழந்துணி அடைத்திருந்தது. வெளியே மூடுபனி. விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கயிற்றுக்கொடியில் ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா. கொடிக்குப் பக்கத்தில் ஒரு பலகைப் பரண், அதில் மடித்து வைத்த கம்பளிகள். மழைக்காலத்தில் துவைத்தால் காயாது என்று மலையில் கம்பளியை மூன்று மாதம் துவைப்பதில்லை. அடுப்புச் சூட்டில் ஈரம் மட்டும் போக்கிக்கொள்வார்கள். என் வீட்டிலும் அப்படித்தான்.

கவிதாவிடம் உட்கார்ந்து நாள்வாரியாகக் கேட்டேன். எப்போதெல்லாம் பாலசமுத்திரம் போனாள், எந்த நாளில் சரியாயிற்று.

"கீழ இருந்தப்ப ஒரு தடவகூட இரைப்பு வரலையா?"

"வரல சிஸ்டர்." கொஞ்சம் யோசித்தாள். "ஒரே ஒருக்கா வந்துச்சு. சித்திரையில. அத்தை பாக்க வந்திருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி."

"அதான் அவங்கம்மா எம்மேல பழி போடுறது" என்றார் பழனியம்மாள் அடுப்படியிலிருந்து. "பனிய முந்தானையில முடிஞ்சு கொண்டாந்துட்டேனாம்."

சித்திரையில் பாலசமுத்திரத்தில் பனி ஏது? மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாத வெயில். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு எங்க படுத்தீங்க?"

"அத்தை கம்பளிய விரிச்சாங்க. ரெண்டு பேரும் அது மேலதான் படுத்தோம்."

"வெள்ளனே முத பஸ்ஸு, மேல குளிருமில்ல. அதான் கொண்டுபோனேன்" என்றார் பழனியம்மாள். "செந்தில் அப்பாரு வாங்கிக் குடுத்தது. அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது. இங்கயும் இவளுக்கு இரைக்குறப்ப எல்லாம் அதைத்தான் போத்தி விடுறேன். வீட்டுலயே அதுதான் நல்ல சூடு."

எழுந்து பரணருகே போனேன். கம்பளி எங்கே என்று கேட்டேன். பழனியம்மாள் மேலே பார்த்து, "ஏலே, எறங்குடா" என்றார்.

பழுப்பும் வெள்ளையுமான பெரிய ஆண்பூனை ஒன்று கம்பளி மடிப்பிலிருந்து எழுந்து, முதுகை வளைத்து நெளித்து, அவசரமில்லாமல் இறங்கிப் போயிற்று.

"பூனை இல்லைன்னு சொன்னீங்களே அம்மா."

"வளக்கலியே சிஸ்டர். லாட்ஜுக்கு வர்ற வெள்ளக்காரங்கதான மடியில வச்சு வளக்குறாங்க. இது பூண்டு ரூமுக்குப் பூனை. எலி பிடிக்க. பகல்ல குளிருக்கு வந்து மேல கெடக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. மண்வெட்டியை யாரும் வளர்ப்பதாகச் சொல்லமாட்டார்கள். அந்த வீட்டில் பூனையும் அந்தக் கணக்குத்தான். என் பதிவுத்தாளின் கேள்விதான் அந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை.

டேப்பை எடுத்தேன். கவிதாவின் தலையணையில் ஒன்பது முடி. கம்பளியில் ஒட்டி உரித்தபோது டேப்பே பழுப்பாகிவிட்டது. இரண்டையும் பழனியம்மாளிடம் காட்டி, எச்சில், தூள், காற்று எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நான்தான் இவளுக்கு நோவு குடுத்தேனா?"

"நீங்க குடுக்கல. கம்பளியில இருந்து வந்திருக்கு."

"கம்பளியப் போத்துனது நான்தான?"

கவிதா, "அத்தை, விடுங்க" என்றாள். அவர் கேட்டதை அப்படியே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

முதல் ஏழு நாள் ஒரே மாற்றம். மருந்து அதே அளவு. பூனை அதன் இஷ்டம்போல். கவிதாவின் படுக்கையிலிருந்து கம்பளித் துணி எல்லாம் வெளியே. அவற்றுக்குப் பதில் மருத்துவமனையிலிருந்து புதிய பருத்திப் போர்வைகள் நான்கு, ஒன்றின் மேல் ஒன்றாக. படுக்கையறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் உடனே ஜீப் பிடித்து வர வேண்டும் என்று செந்திலிடம் இரண்டு முறை சொன்னேன். கிளம்பும்போது பழனியம்மாளிடம், "அந்தக் கம்பளிய நல்ல சுடுதண்ணியில ஊறப் போட்டுத் துவைச்சிருங்க" என்றேன்.

ஐந்தாம் நாள் போனபோது பழனியம்மாள் ஒரு துணியை என் முன்னால் விரித்தார். குளித்துத் துவட்டும் துண்டு அளவு இருந்தது, பலகை போல விறைப்பாக.

"குளிக்க வெந்நி போடுற அண்டாவுல போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். இப்படி ஆயிருச்சு."

அசல் கம்பளி கொதிநீரில் சுருங்கும். எத்தனை சூடு என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் பெரிய டாக்டரிடம் தாளைத் திரும்ப வாங்கியவள், 'நல்ல சுடுதண்ணி' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கொதிக்க வைக்கலாம் என்பது பருத்திக்கு. கம்பளிக்குக் கை பொறுக்கும் சூடுதான். அன்றைய பக்கத்தில் 'தவறு: என்னுடையது' என்று எழுதியிருக்கிறேன். அவரிடமும் அதையே சொன்னேன்.

"போகுது. செந்தில் அப்பாரு இருந்தா சிரிப்பாரு" என்றார். துணியை மடித்துக்கொண்டே, "நம்பர் ஏறுதா?" என்று கேட்டார்.

ஏறிக்கொண்டிருந்தது. ஏழாம் நாள் காலை 285. காரணம் தெரிந்துவிட்டதால் இரண்டாம் வாரம் மீதியை எல்லாம் ஒன்றாகவே மாற்றினோம். சன்னல் இடுக்கில் அடைத்த துணியை எடுத்தோம். வெயில் வரும் பதினொன்றிலிருந்து ஒன்று வரை மூன்று சன்னலும் திறந்திருக்க வேண்டும். பரணைக் காலி செய்து, மீதிக் கம்பளிகளை மூடியுள்ள தகரப்பெட்டியில் வைத்தோம். சுவரையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்தோம். துடைக்கும் வேலை செந்திலுக்கு, கவிதாவுக்கு அல்ல. பூனைக்கு, வெளியே தனியாக இருந்த பூண்டு அறையில் ஒரு கூடையும், சுருங்கிய அந்தக் கம்பளியும். வீட்டுக்குள் அதற்கு வழி கிடையாது. பூனை மூன்று நாள் வாசலில் நின்று கத்தியது.

"அவனுக்கு நான் பதில் சொல்ல முடியல சிஸ்டர்" என்றார் பழனியம்மாள். "என்னையவே பாக்குறான்."

பதினைந்தாம் நாள் அண்ணன் வந்தார். வாடகை வேன் வெளியே நின்றது. கவிதாவின் ஒரு பை ஏற்கெனவே அதில் இருந்தது. பெரிய டாக்டர் என் தாளை வாங்கி ஒவ்வொரு நாளாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசி எண் 345. கவிதாவையே மறுபடி மூன்று முறை ஊதச் சொன்னார். 340, 350, 350.

"நான் பனின்னு நினைச்சேன். திருத்திக்கலாம்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "மலையில இருக்கலாம். மருந்தை நிறுத்தக் கூடாது. வீட்டை எப்படி வச்சுக்கணும்னு சிஸ்டர் சொல்வாங்க."

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். "எங்கம்மாட்ட பூனைன்னு சொன்னா நம்பாது, டாக்டர்."

"டேப்பைக் கொண்டு போங்க" என்றேன். நாட்குறிப்பிலிருந்து பக்கத்தைக் கிழித்தது அந்த ஒரு முறைதான்.

செந்தில் வேனிலிருந்து பையை இறக்கினான்.

கடைசியாக அந்த வீட்டுக்குத் தை மாதம் போனேன். புல்லில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. கவிதா ஊதினாள்: 390. லாட்ஜ் சமையலுக்குப் போகத் தொடங்கியிருந்தாள். சுற்றிப் பார்த்தேன். பழனியம்மாளின் கட்டில் வீட்டில் இல்லை.

"அத்தை பூண்டு ரூமுக்குக் குடி போயிட்டாங்க" என்றாள் கவிதா. சிரித்தாலும் முகத்தில் எரிச்சல் இருந்தது. "நீங்களாச்சும் சொல்லுங்க சிஸ்டர்."

"பொண்டாட்டி வந்ததும் ஆத்தாளப் பூண்டுக்குள்ள தள்ளிட்டான்னு ஊரே பேசுது" என்றான் செந்தில்.

பூண்டு அறைக்குப் போனேன். மேலே கொத்துக்கொத்தாகப் பூண்டு தொங்கியது. கீழே கட்டில். கால்மாட்டில் பூனை.

"பேசுறவனுக்கு வேற சோலி இல்ல" என்றார் பழனியம்மாள். "முழங்காலுக்கு இவன் சூடு வேணும் எனக்கு. இவனையும் விட முடியாது, அவளையும் விட முடியாது. பூனைக்கு எடம் மாத்துனீங்க, நானும் மாறிட்டேன். இந்தா பாருங்க."

கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் துவைத்த சேலை தொங்கியது. கீழே வாளித் தண்ணீர், சோப்பு.

"இப்பக் கட்டியிருக்கது பூனச் சேல. அது வீட்டுச் சேல. கை, முகம் கழுவிட்டு, இதக் கழட்டிப் போட்டு, அதக் கட்டிக்கிட்டுத்தான் உள்ள போவேன்."

"இது யாரு சொன்னது? நான் சொல்லலையே."

"நீங்க சொல்லல. கம்பளியில ஒட்டுனது சேலையில ஒட்டாதா?"

வீடுகளுக்குக் கொடுக்கும் என் அறிவுரைத் தாளில் அதுவரை ஆறு வரிகள் இருந்தன. அங்கேயே கதவில் சாய்ந்து ஏழாவதை எழுதினேன்: பூனையைத் தொட்டவர் கை கழுவி, உடை மாற்றிய பிறகே நோயாளி இருக்கும் அறைக்குப் போக வேண்டும். இன்றும் அந்தத் தாளில் அது இருக்கிறது.

பழனியம்மாள் நான் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டீங்களா? அப்ப வெரசா நகருங்க சிஸ்டர், சேலைய மாத்தணும். உள்ள அவ எனக்குச் சோறு போட்டு வச்சிருப்பா."